பல்லுக்கு உறை போட்ட கபடிக் குழு

ஏமாந்தான்குளத்தில் கபடி ஆடத் தெரியாத ஆண் கிடையாது; கபடியில் ஜெயித்த ஆணும் கிடையாது. ஊர்க் குழுவுக்குப் பயிற்சியாளர் சடையாண்டி. அகன்ற நெஞ்சு, முறுக்கிய மீசை. சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் செய்துமுடிப்பதில் அவருக்கு நிகராக ஊரில் இரண்டே பேர்: கொம்பையா, வெள்ளத்துரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சடையாண்டியின் பத்து வயது மகள் பேச்சித்தாய் இவர்களோடு பயிற்சிக்கு இறங்கினாள். பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கொம்பையாவின் முழங்கை குறுக்கே வந்தது. முன்பல் ஒன்று வேரோடு விழுந்தது.

சடையாண்டி உடனே டவுனில் இருந்த பல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். வேரில் கை படக்கூடாது, பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வாருங்கள், பல்லைத் திரும்ப வைத்துவிடலாம் என்றார் அந்தம்மா.

ஒரு செம்புப் பால் வந்தது. வெள்ளத்துரை பல்லைப் போட்டார். உடனே எடுத்தார். வேட்டி நுனியில் துடைக்கப் போனவரைக் கொம்பையா தடுத்தார். துடைக்கச் சொல்லவில்லை என்பது அவர் கட்சி.

"போட்டாச்சு, எடுத்தாச்சு. இனி இந்தப் பால் எதுக்கு?" என்று வெள்ளத்துரை செம்பை வாய்க்குக் கொண்டுபோனார்.

பேச்சித்தாய் செம்பைப் பிடுங்கினாள். பல்லை வாங்கிப் பாலுக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். மற்ற மூவரும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

அதுவரை அழாத பிள்ளை, டாக்டரம்மாவின் நாற்காலியைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை.

"அப்பா முதல்ல உட்கார்ந்து காட்டட்டும். பிள்ளைக்குப் பயம் போயிரும்," என்றார் டாக்டரம்மா.

சடையாண்டி ஏழு வயதில் ஒரு பல் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டு ஓடியவர். ஆனாலும் மகள் பார்க்கிறாள். மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். வலித்தால் கையைத் தூக்கச் சொன்னார் டாக்டரம்மா.

அங்கேதான் சிக்கல். கபடியில் கையைத் தூக்கினால் அவுட் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். முப்பது வருஷத்தில் சடையாண்டி ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை. சின்னக் கண்ணாடி பல்லில் பட்டதும் கைகளைத் தொடைக்கடியில் திணித்தார். இரண்டாவது தடவை பட்டதும் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே வாசலுக்குப் பாய்ந்தார். எதிரே நின்ற கொம்பையாவும் வெள்ளத்துரையும் பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு காலைப் பிடித்து அவரைத் தரையில் சாய்த்தார்கள்.

பேச்சித்தாய் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு தானே ஏறி உட்கார்ந்தாள். பல்லை அதன் இடத்தில் வைத்து, பக்கத்துப் பற்களோடு சன்னக் கம்பியால் கட்டி முடிக்கும்வரை அவளிடமிருந்து ஒரு சத்தமில்லை. கீழே கிடந்த அப்பாதான் முனகிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: இனிமேல் எல்லாரும் பல்லுக்கு உறை போட்டுத்தான் விளையாட வேண்டும்.

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது.

"உறைக்கு எங்கடே போறது?" என்றார் சடையாண்டி.

"வீட்ல தலையணை உறைதான் இருக்கு," என்றார் கொம்பையா.

வெள்ளத்துரை தன் தலையைத் தடவிப் பார்த்தார். "பல்லு தலையிலதான இருக்கு. அப்ப சரியா வரும்."

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து ஊரோடு போட்டி. ஏழு பேரும் பூப்போட்ட தலையணை உறையைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு களத்தில் நின்றார்கள். வெளியே பேச்சித்தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எதிராளிகள் நிதானமாக வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். தொடப்பட்டவர் வெளியேற வேண்டும்தான். வெளியே எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் விசில் கேட்ட திசையில் ஏழு பேரும் ஒன்றாகப் பாய்ந்து, அகப்பட்ட ஆளைப் புழுதியில் அமுக்கினார்கள். உறையைக் கழற்றிப் பார்த்தால், நடுவர். அவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடிய வேகத்தில் அந்தக் களத்தில் யாரும் ஓடியதில்லை.

சடையாண்டி பெருமையோடு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"நீங்க சொன்னபடியே உறை போட்டோம்மா. எங்க பல்லு அத்தனையும் பத்திரம். அது போக ரெண்டு பல்லு மிச்சம் வந்திருக்கு. யார் வாயில வைக்கட்டும்?"

பின்னால் கொம்பையாவும் வெள்ளத்துரையும் வாயைத் திறந்தபடி வரிசையில் நின்றார்கள்.