சபாநாயகத்தின் பத்துக் கேள்விகள்

இருப்பிடச் சான்று கேட்டு வருகிறவர்களுக்குப் பரீட்சை வைப்பார் வருவாய் ஆய்வாளர் சபாநாயகம். நாட்டைப் பற்றிப் பத்துக் கேள்வி. ஒன்று தப்பினாலும் அடுத்த செவ்வாய்தான். எந்தச் சட்டத்தில் இருக்கிறது இந்தக் கூத்து என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பெயிண்ட் அடிக்கும் செங்கமலத்துக்கு அது ஐந்தாவது செவ்வாய். மகளின் விடுதி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். ஒன்பது கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

"அரசியல் சட்டம் எழுத எத்தனை நாள் ஆச்சு?"

"தெரியலை சார்."

"அடுத்த செவ்வாய் வா."

"சரி சார். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? இந்தச் சான்றை எத்தனை நாளுக்குள்ள கொடுக்கணும்?"

"அது என் இஷ்டம்."

"தப்பு சார். ஏழு நாள். உங்க பீரோவுக்குப் பின்னாடி பலகையில எழுதியிருக்கு. போன வருஷம் இந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சப்போ அதைக் கழற்றி மாட்டினதே நான்தான்."

வரிசையில் நின்ற இரண்டு பேர் பீரோவை நகர்த்தினார்கள். பலகை இருந்தது. ஏழு நாள் என்றும் இருந்தது.

செங்கமலம் நகரவில்லை.

"ஒண்ணு தப்பினாலும் அடுத்த செவ்வாய்னு சொன்னது நீங்கதான் சார். வீட்டுக்குக் கிளம்புறீங்களா, கையெழுத்துப் போடுறீங்களா?"

சபாநாயகம் பேனாவைத் தேடினார்.