வானத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன்

ஆவாரங்காட்டுக்கு நடுவே ஒரு குளம். அந்தக் குளத்து மேட்டில் மஞ்சக்காலன் என்றொரு ஆட்காட்டிக் குருவி, பெண்சாதி பூவாத்தாவோடு குடியிருந்தான்.

ஆட்காட்டிக்கு மரத்தில் கூடு கிடையாது. வெறுந்தரையில் கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு அங்கேயே முட்டை இடும். முட்டையும் கூழாங்கல் நிறத்திலேயே இருக்கும். யாராவது அந்தப் பக்கம் வந்தால் ஆண்குருவி கத்திக் காட்டைக் கூட்டும். மான் தண்ணீர் குடிப்பதும், முயல் புல் கடிப்பதும் அந்தக் குரலை நம்பித்தான்.

இத்தனை வேலை போதாதென்று மஞ்சக்காலனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வானத்தைத் தாங்குகிற வேலை.

சிரிக்காதீர்கள். அது அந்தக் குலத்து ஆண்களின் பரம்பரைப் பொறுப்பு. மல்லாந்து படுத்து இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டுதான் தூங்க வேண்டும். நடுவில் வானம் இடிந்து விழுந்தால் அந்தக் கால் தாங்கிக்கொள்ளுமாம். கால் என்றால் என்ன கால்? ஈர்க்குச்சிக்கு மஞ்சள் பூசின மாதிரி இருக்கும். வானத்துக்கு அது போதும் என்று அவன் அப்பன் சொல்லியிருந்தான். அப்பனுக்கு அவன் அப்பன் சொல்லியிருந்தான். வானத்தைக் கேட்டவர் ஒருவருமில்லை.

காலைத் தூக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம் வருமா? வரும். வந்து வாசலோடு நின்றுவிடும். கண் மூடும், கால் சரியும், 'ஐயோ வானம்' என்று திடுக்கிட்டு எழுவான். மறுபடி தூக்குவான், மறுபடி சரியும். விடிந்தால் யாரோ அடித்துப்போட்ட மாதிரி உடம்பு. பல மழைக்காலமாக இதே பாடு. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. ஆட்காட்டிக்குக் கண்ணோரம் பிறவியிலேயே சிவப்புத் தோல் உண்டு அல்லவா, அதனால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 'முகம் என்ன களையா இருக்கு' என்று கொக்கு பாராட்டிவிட்டுப் போனது.

தூக்கம் கெட்டால் புத்தியும் கெடும். காற்றில் உருண்ட சருகைப் பார்த்து ஆள் வருகிறது என்று கத்தினான். மிதந்து வந்த தாமரை இலையைப் பார்த்தும் கத்தினான். மான்கள் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, ஓடுவதை நிறுத்திவிட்டன. போன பருவத்தில் நிஜமாகவே கீரி வந்தது. அன்று பார்த்து மஞ்சக்காலன் நின்றபடியே கண்ணசந்துபோனான். இரை தேடப் போன பூவாத்தா திரும்பி வந்தபோது ஓடுதான் மிச்சம்.

இப்போது மறுபடியும் நாலு முட்டை. பூவாத்தா அதன்மேல் உட்கார்ந்தபடி சொன்னாள்: "ஏய்யா, காவலை நான் பாத்துக்கிறேன். நீ காலை மடக்கிப் படுத்து நிம்மதியாத் தூங்கு."

"முட்டையை நீ பாத்துக்குவ. வானத்தை யாரு பாக்குறது?"

"ஒருநாள் விட்டுத்தான் பாரேன், விழுதா இல்லையான்னு."

"விழுந்தப்புறம் பாக்குறதுக்கு நீ இருப்பியா?"

அசட்டுக் கேள்விக்கு எந்த ஊரில் பதில் இருந்திருக்கிறது? காவலுக்கும் அவளை விடமாட்டான். பெண் குரல் மானுக்குக் கேட்காது என்பான். அவள் குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்பதை மான்கள் அவனிடம் சொல்லவில்லை.

கடைசியில் மஞ்சக்காலன் வைத்தியம் தேடிப் புறப்பட்டான். அந்தக் காட்டில் வைத்தியருக்குப் பஞ்சமே இல்லை. நன்றாகத் தூங்குகிறவனெல்லாம் வைத்தியன்தான்.

முதலில் எருமை. குளத்தோரச் சேற்றில் கிடந்தபடி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "கழுத்து வரைக்கும் சேத்துல இறங்கு மாப்ள. தூக்கம் தானா வரும்." இறங்கினான். எருமையின் முழங்கால் அளவுதான் சேறு. ஆட்காட்டிக்கு அது மூக்குக்கு மேலே. அட்டை கடித்ததுதான் மிச்சம்.

அடுத்து வவ்வால். தலைகீழாகத் தொங்கினால் வானம் காலுக்குக் கீழே வந்துவிடும், கவலையே இல்லை என்றது. பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்காட்டியின் கால் தரையில் ஓடுகிற கால். கிளையைப் பிடிக்க அதற்கு வராது. பிடித்த வேகத்தில் கீழே விழுந்தான். முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று தேற்றியது வவ்வால்.

மலைப்பாம்பு, ஒரு முழு மானை விழுங்கிவிட்டுப் படுக்கச் சொன்னது. மானுக்கு எங்கே போவான்? வெட்டுக்கிளியை வயிறு முட்டத் தின்றான். அதற்கப்புறம் வானத்தோடு சேர்த்து வயிற்றையும் சுமந்துகொண்டு விழித்துக் கிடந்தான்.

எல்லோரும் தாங்கள் எப்படிப் படுக்கிறோம் என்று சொன்னார்கள். 'நீ எப்படிப் படுக்கிறாய்' என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது நரி ஒன்றுதான்.

நரி அவனைப் புல்மேல் உட்காரவைத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டது. கால் எந்தப் பக்கம் வலிக்கிறது, கனவில் என்ன வருகிறது, வீட்டில் யார் யார், முட்டை உண்டா, உண்டென்றால் எங்கே. அந்த மேட்டில் நரி பல நாள் மோப்பம் பிடித்து நடந்திருக்கிறது. கூழாங்கல் எது, முட்டை எது என்று தெரியாமல் ஒரு கடைவாய்ப் பல்லை உடைத்துக்கொண்டது. மஞ்சக்காலனுக்கு அது தெரியாது. தன் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில், காய்ந்த சாணிக்குப் பக்கத்தில், வேலிப்பருத்திக் கொடியோரம் என்று அடையாளம் மாறாமல் சொல்லிவிட்டான்.

நரி பெருமூச்சு விட்டது. "தம்பி, உனக்கு நோய் ஒண்ணுமில்ல, பாரம்தான். ஒரு பகல் அதை இறக்கி வை. அக்கரைக் கோரைக்குள்ள போய்ப் படு. வானத்தை நான் பாத்துக்கிறேன். என் வாலைப் பாரு, உன் காலைவிடப் பருமன்."

"முட்டை இருக்கே, வைத்தியரே."

"அதையும் பாத்துக்கிறேன். எனக்கு இது விரத மாசம்."

மஞ்சக்காலனுக்குக் கண் கலங்கிப்போனது. வீட்டுக்கு ஓடி நடந்ததைச் சொன்னான்.

பூவாத்தா வெடுக்கென்று தலையை நிமிர்த்தினாள். "இடத்தையுமா சொல்லிட்ட?"

"வைத்தியர்கிட்ட மறைக்கலாமா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நிற்கும்போதே தலை தொங்கியது, கால் நடுங்கியது. திட்டினால் அதைக் கேட்கக்கூடத் தெம்பில்லாத ஆள். முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வழியில்லை. "சரி, போய்த் தூங்கு" என்றாள். பெண்சாதிக்கும் வைத்தியரைப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் பறந்தான். கோரைக்குள் விழுந்ததுதான் தெரியும். காலை மேலே தூக்கக்கூட நினைவில்லாமல் அப்படியே மடங்கித் தூங்கிப்போனான்.

உச்சி வெயிலில் நரி வந்தது. வாலை வானத்துக்கு முட்டுக் கொடுப்பதுபோல் நட்டமாக வைத்துக்கொண்டு வந்தது. சாணி கண்ணில் பட்டதும் வாலைத் தொங்கவிட்டது.

பூவாத்தா அதற்கு முன்பே முட்டையைவிட்டு நழுவி எட்டப் போயிருந்தாள். அங்கே ஒரு சிறகைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு, ஒடிந்ததுபோல் தத்தித் தத்திக் கத்தினாள். நரி திரும்பிப் பார்த்தது. முட்டை எங்கேயும் ஓடாது, கறி ஓடிவிடும் என்று கணக்குப் போட்டது. விரத மாசம் அத்தோடு முடிந்தது.

அவள் தத்தினாள், நரி தொடர்ந்தது. வாய்க்கு எட்டும் தூரத்தில் விழுவாள், பாய்ந்தால் புரண்டு தள்ளிப்போவாள். குளத்தோரம் வந்ததும் நரி முழுப் பலத்தோடு பாய்ந்தது. ஒடிந்த சிறகு சட்டென்று விரிந்தது, அவள் மேலே போனாள். நரி சேற்றுக்குள் போனது.

பகல் தூக்கம் கலைந்த எருமை ஒரு கண்ணைத் திறந்தது. "ஓ, நீயும் தூக்கம் வரலைன்னு வந்தியா? கழுத்து வரைக்கும் இறங்கு" என்று, தன் பெருந்தலையை நரியின் முதுகில் அன்போடு சாய்த்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடியது.

பூவாத்தா போட்ட சத்தத்தில் மான்கள் எல்லாம் எப்போதோ மேடேறிவிட்டன. பெண் குரல் அதுகளுக்கு நன்றாகவே கேட்டது.

பொழுது சாயும்போது மஞ்சக்காலன் கண் விழித்தான். உடம்பு பஞ்சாக இருந்தது. தலை குளத்துத் தண்ணீர்போல் தெளிந்திருந்தது. தெளிந்த தலைக்குள் முதலில் வந்தது பயம். 'நரியிடமா சொன்னேன்? முட்டை இருக்கும் இடத்தை நரியிடமா சொன்னேன்?' வானம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பறந்தான்.

பூவாத்தா இருந்த இடத்திலேயே இருந்தாள். வயிற்றுக்கடியில் நாலு முட்டையும் இருந்தன.

"வானம்?" என்றான்.

"இருக்கு. நீ எங்கன்னு கேக்கக்கூட இல்ல."

"நரி?"

"சேத்துல. எருமை வைத்தியம் பாக்குது."

கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றான். "நல்லாத் தூங்கினேன் பூவாத்தா. நரி கெட்டவன்தான், மருந்து பலிச்சிருச்சே."

"பலிக்காம என்ன? ஒருத்தர் பாத்துக்குவாங்கன்னு நம்பின, தூக்கம் வந்துச்சு. அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய் நரி வாலுல வச்ச. இத்தனை வருசமாப் பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கேன்யா."

மஞ்சக்காலன் நகர்ந்து வந்து, அவள் எழுந்திருக்கக் காத்திருந்து, முட்டைமேல் உட்கார்ந்தான். அவள் இரை தேடப் போனாள். அவள் திரும்பியதும் காலை மடக்கிப் படுத்தான். அதற்கப்புறமும் சில இரவு பழக்கதோஷத்தில் ஒரு கால் மட்டும் மெல்ல மேலே போகும். அவள் அலகால் தட்டி இறக்கிவிடுவாள். முட்டை பொரித்து, குஞ்சுகள் மேடெல்லாம் ஓடின. சேற்று வைத்தியத்தால்தான் மஞ்சக்காலன் தேறினான் என்று எருமை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தன் காலில்தான் வானம் நிற்கிறது என்று நினைப்பவனுக்கு எந்த மருந்தாலும் தூக்கம் வராது. பாரத்தை இறக்கித்தான் வைக்க வேண்டும், ஆனால் இறக்குகிற இடம் நரியின் வாலா, நம் வீட்டுத் தோளா என்று பார்த்து இறக்க வேண்டும்.