நீல ஸ்வெட்டரில் ஏழு இடங்கள்

குன்னூரில் ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்தாறு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வித்தை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் குரு.

வித்தை, ஸ்வெட்டர் பின்னும் மெஷின். மேஜை நீளத்துக்கு ஒரு சட்டம். அதில் இருநூறு ஊசிகள் வரிசையாகப் படுத்திருக்கும். மேலே இஸ்திரிப் பெட்டி அளவில் ஒன்று ஓடும். விற்கிறவர்கள் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர் வைத்திருக்கிறார்கள். சிஷ்யை மனோன்மணி வாயில் அது வண்டி. வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினால் ஒரு வரிசை பின்னி முடியும். திருப்பித் தள்ளினால் இன்னொரு வரிசை.

ஒரே ஒரு விதி உண்டு. தள்ள ஆரம்பித்தால் கோடி வரை போய்த்தான் நிற்க வேண்டும். நடுவில் கை பின்னுக்கு வந்தால் பாதி ஊசிகள் வாயைத் திறந்தபடி நின்றுவிடும். நூல் சிக்கும். கண்ணிகள் நழுவும். அப்புறம் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டலாம், ஆனால் தழும்பு போகாது.

மனோன்மணிக்கு எட்டு மாதமாக எல்லாம் வந்தது. அந்த ஒரு விதி மட்டும் வரவில்லை.

மெஷின் அவளுக்கு வந்ததே ஒரு தற்செயல். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி, தூக்கிப் போக முடியாமல் இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். முப்பத்தொரு வருஷம் மனோன்மணி செய்த வேலையெல்லாம் செய்த கையோடு காணாமல் போகிற வேலை. காலையில் வைத்த குழம்பு மதியம் இருக்காது. துவைத்த சட்டை சாயங்காலம் அழுக்காகத் திரும்பி வரும். மெஷினில் பின்னியது மட்டும் மறுநாள் காலையிலும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே அவள் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தாள்.

கணவர் சந்தானம் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம். தங்கமான மனிதர் என்று தெருவே சொல்லும். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. கூப்பிடுவார், அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர் சொன்னார். "அடுத்த மாசத்துலேர்ந்து பையன் வீட்டுலயே உக்காந்து ஆபீஸ் வேலை பாக்கப் போறான். மெஷின் வெச்சிருக்கற மேஜை வேணும். எட்டு மாசமா கர்ருகர்ருன்னு இழுக்கறே, உருப்படியா ஒண்ணு வெளிய வரல. பதினஞ்சாம் தேதிக்குள்ள பழுதில்லாம ஒரு ஸ்வெட்டர் காட்டு, மெஷின் இருக்கட்டும். இல்லேன்னா பரணுக்குப் போகட்டும். நியாயந்தானே?"

நியாயம்தான் என்று மனோன்மணிக்கும் பட்டது. அவளுக்கு எது சொன்னாலும் முதலில் நியாயமாகத்தான் படும்.

மெஷினில் அப்போது தொங்கியது நீல ஸ்வெட்டரின் முதுகுப் பாகம். நாற்பத்திரண்டு அளவு. அது அவருக்குத்தான். யாருக்கு என்று அவர் கேட்கும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

குரு ஜெசிந்தா, பெட்போர்டு பஸ் நிறுத்தத்துக்குக் கீழே ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று ஊரில் பேச்சு. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. அதிகம் எதைப் பற்றியும் பேசுவதில்லை.

மனோன்மணி முதுகுப் பாகத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

ஜெசிந்தா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏழு இடத்தில் தழும்பு. ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி குத்தினாள். முதல் குண்டூசியைத் தொட்டாள்.

"இது எப்போ நழுவுச்சு அக்கா?"

"அது அவர் கண்ணாடியைக் காணோம்னு கூப்பிட்டப்ப."

"கண்ணாடி எங்க இருந்துச்சு?"

"சட்டைப் பையில."

ஜெசிந்தா அடுத்ததைத் தொட்டாள்.

"பையன் டவல் கேட்டான், டீச்சர்."

"இது?"

"ரெண்டாவது காபி. பக்கத்துல இருக்கறது அதுல சர்க்கரை கம்மின்னு. மேல இருக்கற ரெண்டும் ஒரே நாள். கேஸ்காரன் வந்திருக்கான்னு சொன்னாரு, அப்புறம் கேஸ்காரன் போயிட்டான்னு சொன்னாரு."

ஏழாவது குண்டூசி தனியாக ஓரத்தில் இருந்தது. இருந்ததிலேயே பெரிய தழும்பு அது. ஜெசிந்தா தொட்டாள்.

"இது அக்கா?"

"அன்னிக்கு வீட்டுல யாருமில்ல."

"அப்புறம்?"

"கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

ஜெசிந்தா ஏழு குண்டூசிகளையும் பிடுங்கி டப்பாவில் போட்டாள்.

"என்னிக்குத்தான் டீச்சர் எனக்கு நழுவாம வரும்?" என்று மனோன்மணி கேட்டாள். கண் கலங்கியிருந்தது. ஒரு ஸ்வெட்டருக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஜெசிந்தா தன் மெஷினில் வண்டியை ஒரு தள்ளு தள்ளினாள். கர்ரென்று ஓடி அந்தக் கோடியில் நின்றது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு செகண்டு இருக்கும்."

"யாராவது கூப்பிட்டா, வரிசையை முடிச்சுட்டு வாயைத் திறங்க. இதைப் பிரிச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க."

மனோன்மணி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பிரித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். "மனோ" என்று குரல் வரும். முடிச்சுட்டு, முடிச்சுட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். அந்தச் சொல் முடிவதற்குள் கை பின்னுக்கு வந்திருக்கும். வாய் "இதோ" என்றிருக்கும். கால் பாதி வழி போயிருக்கும். கையையும் காலையும் குறை சொல்லி என்ன பயன்? முப்பத்தொரு வருஷப் பழக்கம் அது.

ஒன்பதாம் தேதி அவள் மறுபடி குருவிடம் வந்தாள். பையைக்கூடத் திறக்கவில்லை.

"அந்த ரெண்டு செகண்டு எனக்குக் கிடைக்க மாட்டேங்குது டீச்சர். மெஷின் பரணுக்கே போகட்டும். எனக்கு இதுக்கெல்லாம் கொடுத்து வைக்கல."

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வரேன்" என்றாள் ஜெசிந்தா.

சொன்னபடி வந்தாள். பின்வாசல் வழியாக. சந்தானம் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நல்ல குளிர். மனோன்மணி வழக்கம்போல மரூன் நிறச் சால்வையைப் போர்த்தி, தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள்.

"ரெண்டையும் கழட்டிக் குடுங்க" என்றாள் ஜெசிந்தா.

"எதுக்கு?"

"குடுங்க அக்கா."

ஜெசிந்தா ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டாள். சால்வையைப் போர்த்திக்கொண்டாள். மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகு அறை வாசல் பக்கம் இருக்கும்.

"நீங்க சமையலறையில இருங்க. நான் சொல்ற வரைக்கும் வெளிய வராதீங்க, பேசாதீங்க."

மனோன்மணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். கதவு இடுக்கில் மெஷினும் வாசலும் தெரிந்தன. கேட்டால் என்ன சொல்வது, பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி ஓடியது. ஐம்பது வரிசை. அறுபது.

"மனோ" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

கதவுக்குப் பின்னால் மனோன்மணி எழுந்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். வண்டி நிற்கவில்லை.

"மனோ, ஸ்கூட்டர் சாவி எங்க?"

வண்டி போயிற்று, வந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. சந்தானம் வாசலில் வந்து நின்றார். சட்டைக் கைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். முதுகிலிருந்து நாலடி தூரம்.

"உன்னத்தான். சாவி எங்க?"

ஜெசிந்தா வரிசையைக் கோடி வரை கொண்டுபோய் நிறுத்தினாள். திரும்பவில்லை. குரலை மாற்றவும் இல்லை. தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"காலண்டர் ஆணியில."

இருபது வருஷமாகச் சாவி அந்த ஆணியில்தான் தொங்குகிறது. சந்தானம் எடுத்துக்கொண்டார்.

"மத்தியானம் கத்திரிக்கா வேண்டாம். வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"சரிங்க."

அவர் போகத் திரும்பினார். என்ன தோன்றியதோ, நின்றார்.

"நீலம் நல்லாருக்கே. யாருக்கு இது?"

மனோன்மணியின் கை வாயைப் பொத்திக்கொண்டது. எட்டு மாதமாக அவள் காத்திருந்த கேள்வி. பதிலைக்கூட எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள். சொல்லிவிட்டு உடனே பார்க்காமல், கொஞ்சம் கழித்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தாள்.

ஜெசிந்தா வண்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பதில் வேண்டும் என்றால் கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

மனோன்மணி வெகு நேரம் கழித்துத்தான் சமையலறையை விட்டு வந்தாள். ஜெசிந்தா ஸ்கார்ஃபை அவிழ்த்து மடித்து வைத்திருந்தாள். மெஷினில் நூற்றிருபது வரிசை நீலம் தொங்கியது. ஒரு தழும்பு இல்லை.

"நீங்க குரலை மாத்தலையே டீச்சர்."

"இல்ல அக்கா."

"ஒருவேளை மெஷின் சத்தத்துல..."

"நிறுத்திட்டுத்தான் சொன்னேன்."

மனோன்மணி தலையாட்டினாள். அவருக்காக வேறு ஏதாவது சமாதானம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தாள். கண் பார்வை குறைவு என்று சொல்லலாம். அவசரம் என்று சொல்லலாம். வழக்கமாக இப்படிச் சமாதானங்கள் அவளுக்குச் சட்டென்று கிடைக்கும். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"கைக்கும் முன்பக்கத்துக்கும் இன்னும் அஞ்சு நாள் இருக்கு" என்றாள் ஜெசிந்தா. "இதே கணக்குல நான் முடிச்சுக் குடுத்துடுவேன். பழுதில்லாம இருக்கும். மெஷின் உங்ககிட்டயே இருக்கும்."

"நான் பின்னினதுன்னு காட்டணுமா?"

"அவருக்கு வித்தியாசம் தெரியுமா?"

மனோன்மணி நீலத்தை ஊசிகளிலிருந்து கழற்றினாள். நூல் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். நல்ல பின்னல் பிரியும்போது எங்கேயும் தடங்காது. சரசரவென்று வந்தது. நூற்றிருபது வரிசையும் மடியில் சுருண்டு விழுந்தன. அவள் அழுதுகொண்டே பந்தாகச் சுற்றினாள். இப்போது அழுவதற்கு வெட்கமாக இல்லை.

ஜெசிந்தா தடுக்கவில்லை.

சுற்றி முடித்ததும் மனோன்மணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஊசிகளை எண்ணி முன்னால் தள்ளினாள். ஒரு பக்கத்துக்குப் பதினாறு ஊசி குறைவாக வைத்தாள். அது நாற்பத்திரண்டு அளவு இல்லை, மனோன்மணியின் அளவு என்று ஜெசிந்தாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

வண்டி ஓடத் தொடங்கியது. பத்து வரிசை. இருபது வரிசை. வெளியே மேகம் இறங்கி ஜன்னல் இருட்டியது.

கேட் சத்தம் கேட்டது. ஸ்கூட்டர் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

"மனோ, குடை."

வண்டி அப்போது பாதி வழியில் இருந்தது. மனோன்மணியின் தோள் ஒரு தடவை துள்ளியது. கை பின்னுக்கு வரவில்லை. வண்டி ஓடிப் போய் அந்தக் கோடியில் நின்றது. ஒரு கண்ணி நழுவவில்லை.

அவள் தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

"மனோ" என்று இன்னொரு தடவை குரல் வந்தது.

"டீச்சர்" என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை. "அப்ப இத்தனை வருஷமா அவர் யாரைத்தான் கூப்பிட்டாரு?"

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவியை, அக்கா. இப்போ குடையை."