முப்பது சென்ட் காலி மனை

சர்வேயர் தில்லைநாயகம் அந்த மடத்துக்கு முதன்முதலில் போனது ஞானம் தேடி அல்ல, எல்லை அளக்க. வாய்க்கால் பாலத்தை ஒட்டிய சின்ன மடம். அளந்து முடித்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷம் ஆகிறது. குரு அருளம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதனால் என்ன? வாரம் தவறாமல் வந்து, "அம்மா" என்று கும்பிட்டு உட்காருவார்.

அன்றைக்குக் கையில் மஞ்சள் பை. பை நிறைய மகளின் கல்யாணப் பத்திரிகைகள். முதல் பத்திரிகையைக் குருவுக்குத்தான் வைத்தார். குருவின் பெயரை எழுதக் கை வராமல் உறையை வெறுமையாகவே விட்டிருந்தார். அருளம்மை அதை விளக்கடியில் வைத்தார்.

"கல்யாண வீட்டுக்காரர் முகமா இது?" என்று மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார்.

"எங்க நகர்ல வம்பும்மா."

வம்பு பழைய வம்புதான். செண்பக நகரில் நாற்பத்து மூன்று வீடுகள். நடுவில் பொது உபயோகத்துக்கு விட்ட முப்பது சென்ட் இடம். அதில் என்ன கட்டுவது என்று எட்டு வருஷமாகப் பேச்சு. பள்ளிக்கூடம் என்று பதினான்கு வீடு, பூங்கா என்று பதினான்கு வீடு, வீடில்லாதவர்களுக்குக் குடியிருப்பு என்று பதினான்கு வீடு. மிச்சம் நலச்சங்கத் தலைவர் தில்லைநாயகத்தின் ஓட்டு ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டாக வேண்டும். நகராட்சி கெடு வைத்துவிட்டது.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கம்தான் இடி. எனக்கு மூணு பக்கம். யாருக்கு ஓட்டுப் போட்டாலும் மத்த ரெண்டு கூட்டமும் எம் பொண்ணு கல்யாணத்துக்கு வர மாட்டாங்களாம். நீங்கதாம்மா சொல்லணும். எது சரி?"

"நிலத்தைப் பத்திக் கேக்குறீங்களா, பந்தியைப் பத்திக் கேக்குறீங்களா?"

சுருக்கென்றது. தில்லைநாயகம் மஞ்சள் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அந்த இடத்தை ஒரு தடவை அளந்துட்டு வாங்க, ஐயா."

"நான் அளந்த இடம்தாம்மா. முப்பது சென்ட், காலி மனைன்னு என் கையாலதான் எழுதினேன்."

"அளக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி."

"இந்தத் தடவை ஒரு நாள் எடுத்துக்கோங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். மறுநாள் விடிந்ததும் மடக்கு நாற்காலி, டேப், நோட்டு, தண்ணீர் பாட்டில் சகிதம் போனார். நடைப்பயிற்சிக்கு வந்த பூங்காக் கட்சித் தேவநேசன் நின்று பார்த்தார்.

"தலைவரே, ஓட்டைத் தொலைச்சிட்டுத் தேடுறீங்களா?"

அரை மணியில் அளந்தாயிற்று. முப்பது சென்ட். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு சும்மா உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு, அங்கே நின்ற வாகை மர நிழலில் இஸ்திரி வண்டி வந்து நின்றது. கட்டட வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி கிளையில் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனாள். இஸ்திரிக்காரர் ஒரு கையால் சட்டையைத் தேய்த்தார், மறு கையால் தொட்டிலை ஆட்டினார். இதெல்லாம் தினமும் நடப்பதுதானாம்.

உச்சி வெயிலில் தெருக் கூட்டும் சொர்ணத்தாய் தூக்குவாளியோடு வந்து நிழலில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷமாக அவர் வாசலைக் கூட்டுகிறவள். தலைவரைப் பார்த்ததும் பதறி எழப் போனாள்.

"உக்காரும்மா, சாப்பிடு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த இடத்துல என்ன வந்தா நல்லாயிருக்கும்?"

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"என்னையா சார் கேக்குறீங்க?"

"உன்னைத்தாம்மா."

"எது வேணா கட்டுங்க சார். ஓரமா ஒரு கக்கூஸும் தண்ணிக் குழாயும் வச்சீங்கன்னா போதும்."

"இத்தனை வருஷம் என்ன செஞ்சே?"

"காலையில அஞ்சு மணிக்கு வந்தா, ரெண்டு மணிக்கு வேலை முடியிற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன் சார். குடிச்சாத்தானே போகணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு மணி ஆகலையே சார்" என்றாள்.

தில்லைநாயகத்துக்கு வெட்கமாகப் போயிற்று. கண்ணும் கலங்கியது, மறைப்பானேன். காலையில் அளந்ததும் நோட்டில் 'காலி மனை' என்று எழுதி வைத்திருந்ததை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூன்று கட்சியும் தத்தம் வரைபடத்தை மேஜையில் விரித்தன. பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இருந்தது, கேட்டுக்கு உள்ளே. குடியிருப்பிலும் இருந்தது, வீட்டுக்கு உள்ளே. பூங்காவில் நீரூற்று இருந்தது, கழிப்பறை இல்லை. தில்லைநாயகம் ஓட்டைப் பற்றிப் பேசவில்லை. சொர்ணத்தாய் சொன்னதை அப்படியே சொன்னார்.

தேவநேசன்தான் முதலில் கை தூக்கினார்.

"முதல்ல அதைக் கட்டுவோம் தலைவரே."

நாற்பத்து மூன்று கைகளும் மேலே போயின. எட்டு வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அடுத்த நிமிஷம் விட்ட இடத்திலிருந்து சண்டை ஆரம்பித்தது. ஆனால் அன்றைக்கு யாரோ டீயும் வடையும் வரவழைத்தார்கள். தின்றுகொண்டே சண்டை போட்டார்கள். மிச்சத்தை முடிவு செய்ய நகராட்சியில் ஒரு மாதம் தவணை கேட்பது என்றும் தீர்மானம் ஆயிற்று.

"கல்யாணம் இருபது நாள்ல வந்துடுது. பந்தியில உக்காந்து மிச்சச் சண்டையைப் போட்டுக்கலாம்" என்றார் தேவநேசன். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் தில்லைநாயகம் மடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகத்தில் இப்போது கல்யாணக் களை. சொர்ணத்தாய் சொன்னதிலிருந்து கூட்டத்தில் நடந்தது வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"அம்மா, நாப்பத்திரண்டு வீடும் வருது! ஒரு வீடு விடாம நேர்ல போய்ப் பத்திரிகை வச்சாச்சு. ஓட்டு ஒண்ணுதான் பாக்கி. இப்பவாவது சொல்லுங்க. பள்ளிக்கூடமா, பூங்காவா, குடியிருப்பா?"

அருளம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"சொர்ணத்தாய்க்குப் பத்திரிகை வச்சாச்சா?"

தில்லைநாயகத்தின் கை மஞ்சள் பைக்குள் போனது. துழாவியது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

அருளம்மை எழுந்து போய், விளக்கடியில் இருந்த பத்திரிகையை எடுத்து வந்து நீட்டினார்.

"உறையில அவ பேரை எழுதுங்க ஐயா. எனக்குத்தான் தேதி தெரியுமே."