கரை ஒதுங்கிய புல்

காடு என்றதும் சிங்கம் எங்கே, புலி எங்கே என்று தேடாதீர்கள், பிள்ளைகளே. நான் சொல்லப்போகும் காட்டில் அவற்றைவிடப் பெரிய ஒன்று இருந்தது. கல்விச் சபை.

அந்தக் காட்டில் எது படிப்பு, எது படிப்பில்லை என்று முடிவு செய்தது ஓர் ஆறு. ஆமாம், ஆறுதான். புதிதாக ஒரு பாடம் சொல்லித்தர விரும்புகிறவர், அந்தப் பாடத்துக்கு உரிய பொருளை ஒரு காய்ந்த பாளையில் வைக்கவேண்டும். பாளை படகு மாதிரி இருக்கும் அல்லவா? அதை மேல்துறையில் ஆற்றில் விடவேண்டும். கீழே ஆறு வளைகிற இடத்தில், நட்டாற்றில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் சபை உட்கார்ந்திருக்கும். பாளை நடுநீரோட்டத்தில் வந்து பாறையில் முட்டினால் அது படிப்பு. கரைப் பக்கம் போய்ச் சேற்றில் செருகிக்கொண்டால், சபைத் தலைவர் நாரையார் கழுத்தை நீட்டிப் பார்த்து, "கரை ஒதுங்கியது" என்பார். கதை முடிந்தது. பாளைக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

யானை ஆற்றுக்குள் நடந்து போய், நட்டாற்றில் நின்றுகொண்டு பாளையை விட்டது. அது நடுவிலேயே வந்தது. மரம் சாய்ப்பது பாடமாயிற்று. நாரையார் பறந்து போய் நடுவில் போட்டார். ஒற்றைக்காலில் நிற்பது கட்டாயப் பாடமாயிற்று. முயல்குட்டிகளும் அணில்குட்டிகளும் தினம் காலையில் ஒற்றைக்காலில் நின்று, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தன.

நீந்தவோ பறக்கவோ தெரியாத பிராணிகள் கரையில் நின்றுதான் பாளையைத் தள்ளிவிட்டன. அவையெல்லாம் கரையிலேயே ஒதுங்கின. அந்தப் பாடங்களுக்குத் தரம் போதவில்லை என்று சபை மிகவும் வருந்தியது.

அப்படி ஒதுங்கியவற்றில் செம்பியின் பாளையும் உண்டு.

செம்பி ஒரு காட்டுப்பூனை. அது சொல்லித்தர விரும்பிய பாடம் வாந்திப்புல். சிரிக்காதீர்கள். முதல் மழை விழுந்ததும் அந்தக் காட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு காளான் முளைக்கும். பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். காலையில் அதைத் தின்ற குட்டி சாயங்காலம் இருக்காது. ஆனால் மூங்கில் புதருக்குப் பக்கத்து ஈர நிலத்தில் ஒரு கசப்புப் புல் இருந்தது. உடனே அதைப் பிடுங்கி மென்றால், தின்ற காளான் எல்லாம் வெளியே வந்துவிடும். பூனைகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

பூனைகளிலும் எல்லோருக்கும் தெரியாது. செம்பியின் தங்கை இரை தேடப் போயிருந்த நேரம், தங்கையின் குட்டி காளானைத் தின்றுவிட்டது. பக்கத்திலேயே அந்தப் புல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குட்டிக்கு அது ஏதோ ஒரு புல். யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. அன்றிலிருந்து, காட்டில் ஒரு குட்டி பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் இந்தப் புல்லைக் காட்டிவிடவேண்டும் என்று செம்பி வைராக்கியமாக இருந்தது.

வருஷா வருஷம் புல்லை வேரோடும் மண்ணோடும் பிடுங்கி, பாளையில் வைத்து விடும். வருஷா வருஷம் அது கரை ஒதுங்கும். ஒரு தடவை செம்பி பொறுக்கமாட்டாமல் கரையில் நின்றபடியே கேட்டுவிட்டது.

"ஐயா, ஒரே ஒரு தரம் பாளைக்குள்ள என்ன இருக்குன்னு வந்து பாருங்க."

"கரைக்கு வரச் சொல்கிறீர்களா, அம்மணி?" என்றார் நாரையார். "நாங்கள் நடுவில் இருப்பவர்கள்."

"குட்டிங்க சாகுது, ஐயா."

"வருந்துகிறோம். ஆனால் வாந்தி என்பது..." நாரையார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்படி ஒரு பாடம் இதுவரை இருந்ததில்லையே."

"இருந்தா நான் எதுக்கு வரேன்?"

"அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்" என்றார் நாரையார்.

செம்பி வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியது. வழியில் ஒரு நரி. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் அந்தக் காட்டிலேயே கெட்டிக்காரன்.

"அக்கா, உங்க புல்லுல ஒரு குத்தமும் இல்ல. நீங்க விடுற இடத்துலதான் குத்தம்" என்றது நரி.

"நான் கரையிலேர்ந்துதானே விடமுடியும்? எனக்குத் தண்ணின்னாலே ஆகாது."

"உங்களுக்கு ஆகாது. ஆமைக்கு?"

செம்பி நரியின் முகத்தையே பார்த்தது. இது ஏமாற்று வேலை அல்லவா என்று கேட்க வந்தது. பிறகு தங்கையின் குட்டி ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

மறுநாள் ஆமை தண்ணீருக்கடியில் நீந்தி, பாளையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனது. பாளை ஆடாமல் அசையாமல் நட்டாற்றில் சென்றது. செம்பி கரையோரமாக ஓடிக்கொண்டே பார்த்தது. பார்க்கிற எல்லோருக்கும் ஆறே அதைக் கொண்டுபோவதாகத்தான் தோன்றியது. பாதி வழியில் மரங்கள் மறைக்கிற ஒரு திருப்பம். அங்கே ஆமைக்குப் பசித்தது. தலையைப் பாளைக்குள் நீட்டிப் பார்த்தது. பச்சைப் புல். கூலி ஒன்றும் பேசியிருக்கவில்லை. தின்றுவிட்டது. ஆமை வயிற்றை அந்தப் புல் ஒன்றும் செய்யவில்லை.

பாளை பாறையில் டொக்கென்று முட்டியது. சபை எழுந்து நின்றது. எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"காலியா இருக்கே" என்றது யானை.

"காலியாக இருந்தால் நடுவில் ஏன் வருகிறது?" என்று கேட்டார் நாரையார்.

யானை காதை ஆட்டி யோசித்தது.

"இது ரொம்ப ஆழமான விஷயம்" என்றது நீர்நாய். ஆழம் பற்றி அது சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

சபை கூடிப் பேசி, புதிய பாடத்துக்கு வெறும்பாளை இயல் என்று பெயர் வைத்தது. கரையில் நின்ற செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயையோ, உள்ளே புல் இருந்ததே என்று கத்த வாயைத் திறந்தது. நரி அதன் வாலைப் பிடித்து இழுத்தது.

"வாயைத் திறக்காதீங்க, அக்கா. உள்ள போயிட்டீங்கன்னா அப்புறம் எதை வேணும்னாலும் சொல்லித்தரலாம்."

சரிதானே என்று செம்பிக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டது. அன்று மூடியதுதான்.

யானை வந்து அதை முதுகில் ஏற்றிப் பாறையில் இறக்கியது. உட்கார இடம் கொடுத்தார்கள். வெயில் படாத நல்ல இடம். வகுப்பு மட்டும் பாறைக்கு எதிரே கரைமேட்டில்; போகவர யானை முதுகுதான். மறுநாள் செம்பி வகுப்புக்கு ஒரு பிடி வாந்திப்புல்லைக் கொண்டுபோனது.

"அம்மணி, இது என்ன?" என்றார் நாரையார், பாறையிலிருந்தே. "சபை ஏற்றது பாளையை. புல், கரை ஒதுங்கிய பாடம் அல்லவா?"

போகட்டும், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று செம்பி நினைத்தது. அடுத்த வாரம் வெறும்பாளையின் உள்பக்கம் பற்றிப் பாடம் இருந்தது. அதற்கடுத்த வாரம் வெளிப்பக்கம். கேட்பதற்குக் குட்டிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. அதில் தேனம்மை என்ற கரடிக்குட்டிதான் முதல் மாணவி.

"பாளையில் என்ன இருக்கிறது, தேனம்மை?"

"ஒன்றுமில்லை, டீச்சர்."

"ஒன்றுமில்லாதது எப்படிப் பாடமாயிற்று?"

"நடுவில் வந்ததனால், டீச்சர்."

எப்பேர்ப்பட்ட பதில் என்று செம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. நிஜமாகவே பெருமைதான். அந்தச் சமயம் ஓர் அணில் விட்ட பாளை, கொட்டையோடு கரைப் பக்கம் போயிற்று. "கரை ஒதுங்கியது" என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? செம்பிதான். நாரையார்கூடத் திரும்பிப் பார்த்தார், தன் குரலோ என்று.

கூட்டம் பெருகப் பெருக வகுப்புக்கு இடம் போதவில்லை. மூங்கில் புதருக்குப் பக்கத்து ஈர நிலம்தான் தோதாக இருந்தது. அங்கே புல் மண்டிக் கிடந்தது. காட்டுப்பன்றிகளைக் கூப்பிட்டு, வேரோடு கிண்டிச் சமன் செய்யச் சொன்னது செம்பியேதான். வேறு எங்கேயாவது முளைக்கும் என்று நினைத்துக்கொண்டது.

பிறகு முதல் மழை விழுந்தது.

தேனம்மை வகுப்புக்கு வருகிற வழியில் வெள்ளைக் காளானைத் தின்றுவிட்டு வந்தது. பாதிப் பாடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தது. வாயில் நுரை. செம்பி அதன் பக்கத்தில் பாய்ந்தது. தங்கையின் குட்டி இப்படித்தானே கிடந்தது?

"ஓடுங்க! சீக்கிரம் எடுத்துட்டு வாங்க!" என்று அலறியது.

என்ன எடுத்துவர வேண்டும் என்று குட்டிகள் கேட்கவில்லை. அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான். விழுந்தடித்து ஓடிப்போய், மூச்சு வாங்கத் திரும்பி வந்தன.

"கொண்டாந்துட்டோம், டீச்சர்" என்றது ஒரு முயல்குட்டி. "நல்லாக் காலியா இருக்கிறதாப் பாத்து எடுத்தோம்."

எல்லாவற்றின் கையிலும் பாளை.

செம்பி அவற்றைப் பார்த்தது. காலடியில் சமன் செய்த மண்ணைப் பார்த்தது. பேருக்கு ஒரு புல் இல்லை. நான்தானே பிடுங்கச் சொன்னேன், நானேதானே என்று தலையில் அடித்துக்கொண்டது. அழக்கூட நேரமில்லை. புல்லை வேறு எங்கே பார்த்தோம் என்று மண்டையைக் குடைந்தபோது, வருஷா வருஷம் தான் விட்டு, வருஷா வருஷம் ஒதுங்கிய பாளைகள் ஞாபகம் வந்தன. வேரோடும் மண்ணோடும் விட்ட பாளைகள்.

ஆற்றங்கரைக்குப் பாய்ந்தது. சபையைச் சேர்ந்தவர்கள் யாரும் பாளைகள் ஒதுங்குகிற அந்தச் சேற்றுப் பக்கம் வருவதில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. பாளைகள் சேற்றில் மக்கிப் போயிருந்தன. அவற்றில் இருந்த வாந்திப்புல் வேர் பிடித்து, இடுப்பளவு வளர்ந்து, கரை முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்தில் அணிலின் கொட்டை இரண்டு இலை விட்டிருந்தது.

செம்பி வாய் கொண்டமட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தது. தேனம்மையின் வாயில் திணித்து மெல்ல வைத்தது. கசப்பு தாங்காமல் குட்டி முகத்தைச் சுளித்தது. அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். எல்லாம் வெளியே வந்தது. சாயங்காலம் அது எழுந்து உட்கார்ந்து தேன் கேட்டது. செம்பி அதைக் கட்டிக்கொண்டு, ஆசிரியை என்பதையே மறந்து, ஓவென்று அழுதது.

மறுநாள் சபை கூடியது.

"அந்தப் புல் சபை ஏற்ற பாடமா?" என்று கேட்டார் நாரையார்.

"இல்ல" என்றது யானை.

"சபை ஏற்காத ஒன்றால் யாராவது பிழைக்க முடியுமா?"

"முடியாது" என்றது நீர்நாய்.

"அப்படியானால் கரடிக்குட்டி பிழைக்கவில்லை" என்றார் நாரையார். "அஞ்சலி செலுத்துவோம்."

எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். மரியாதை தெரிந்த குட்டியாகையால், கரையில் இருந்த தேனம்மையும் ஒற்றைக்காலில் நின்றது.

செம்பி மட்டும் நிற்கவில்லை. பாறையின் ஓரத்துக்கு வந்தது. தண்ணீரைப் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்துவிட்டது. முங்கி, முக்குளித்து, அடித்துக்கொண்டு போய், கடைசியில் புல் வளர்ந்திருந்த இடத்தில் கரை ஒதுங்கியது.

இப்போது அங்கேதான் வகுப்பு நடக்கிறது. சபையின் கணக்குப்படி தேனம்மை இன்றுவரை பிழைக்கவில்லை. மழைக்காலம் வந்தால் சின்னக் குட்டிகளை அழைத்துக்கொண்டு போய் எது புல், எது காளான் என்று காட்டுவது அதுதான்.

நீதி: எங்கே மிதந்து வந்தது என்று பார்ப்பதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்.