ரூமைத் தாண்டாத ராஜி

அரைக்கிணத்துப்பட்டிக்காரய்ங்க ராஜி, அதான் சமரசம், பேசப் போன கதையை யாரு ஆரம்பிச்சாலும் பாதியிலேயே சிரிச்சிருவாங்க. நான் சிரிக்காமச் சொல்றேன், கேளுங்க.

ஊருக்கு ஏன் அந்தப் பேருன்னு முதல்ல சொல்லிர்றேன். முப்பதடிக்கு ஒரு கிணறு வெட்டணும்னு முடிவாச்சு. ஒரே எடத்துல முப்பதடி வெட்டுனா ஆளு களைச்சுப் போவான்னு, ஊருக்குக் கெழக்க பதினைஞ்சடி, மேற்க பதினைஞ்சடி வெட்டுனாய்ங்க. ரெண்டுலயும் தண்ணி இல்ல. கூட்டிப் பாத்தா முப்பது சரியாத்தானே வருதுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காய்ங்க. சரி, அது கிடக்கட்டும்.

அந்த ஊருல கொம்பையாவும் அவன் மச்சான் சங்கிலியும் கூட்டு சேந்து ஒரு மைக் செட்டு வாங்குனாய்ங்க. பெட்டி மேல யாரு பேரை முதல்ல எழுதறதுன்னு சண்டை. கோவத்துல ஆம்பிளிபயரைக் கொம்பையா தூக்கிட்டுப் போயிட்டான், கூம்புக் குழாய் ரெண்டையும் சங்கிலி தூக்கிட்டுப் போயிட்டான். மூணு வருசம் ஊருல ஒரு விசேசத்துக்கும் பாட்டு இல்ல. சங்கிலி வெறும் குழாயை வாயில வச்சு அவனே பாடிப் பாத்தான். அதுக்கு நாய்தான் வந்துச்சு.

இதுக்கு நடுவுல கொம்பையா மக பூங்கனிக்கு மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. அசலூருப் பையன். "மைக் செட்டு இல்லாத கல்யாணத்துல நான் தாலி கட்ட மாட்டேன்"னு ஒரே புடியா நின்னுட்டான். முகூர்த்தத்துக்கு எட்டே நாளு.

செட்டு யாருக்குன்னு ரெண்டு பேரும் ஏற்கனவே கோர்ட்டுல கேஸ் போட்டிருந்தாய்ங்க. கேஸைக் கேட்ட ஜட்ஜய்யா, "இதுக்கெல்லாம் கோர்ட்டு எதுக்கு? வெளியில உக்காந்து பேசித் தீத்துக்கங்க"ன்னு சுலோசனான்னு ஒரு வக்கீலம்மாவை மத்தியஸ்தம் பண்ண அனுப்பி வச்சாரு. ஊருல காலியாக் கிடந்தது உர மூடை அடுக்குற சொசைட்டி ரூம் ஒண்ணுதான். அங்கன உக்காந்தாங்க.

வக்கீலம்மா எடுத்ததுமே சொன்னாங்க: "இந்த ரூமுல பேசுறது எதுவும் இந்த ரூமைத் தாண்டி வெளிய போகக்கூடாது. அதுதான் முக்கியம்."

கொம்பையா எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்துனான். சங்கிலி சாவி ஓட்டையில தேங்காநாரை அடைச்சான். ஜாக்கிரதையான ஆளுகன்னு வக்கீலம்மாவுக்கு ஒரே சந்தோசம். பாவம்.

அவங்க கெட்டிக்காரிதான். அரை மணி நேரத்துல முடிச்சிட்டாங்க. பெட்டிக்கு ஒரு பக்கம் கொம்பையா பேரு, மறுபக்கம் சங்கிலி பேரு. ஒவ்வொரு விசேசத்துக்கும் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைக்கணும். முதல் பாட்டு பூங்கனி கல்யாணத்துக்கு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுது, கையெழுத்தும் போட்டாய்ங்க.

வக்கீலம்மா பேப்பரை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க. சங்கிலி கதவை மறிச்சு நின்னுட்டான்.

"எங்கம்மா போறீங்க? பேசுனதெல்லாம் உங்க தலைக்குள்ள இருக்கே! நீங்க வெளிய போனா அதுவும் வெளிய போயிருமே!"

"யோவ், யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுதான்யா அதுக்கு அர்த்தம்!"

"சொல்லக்கூடாதுன்னா சொன்னீங்க? போகக்கூடாதுன்னுல்ல சொன்னீங்க. மச்சான், அம்மா என்ன சொன்னாங்க?"

"போகக்கூடாதுன்னுதான் மாப்ள சொன்னாங்க. படிச்சவுக, ஒரு வார்த்தை கூடக் கொறையச் சொல்லுவாகளா?"

மூணு பேரும் உள்ளயே உக்காந்துட்டாங்க.

மறுநாளு பூங்கனி கதவைத் தட்டுனா. "எப்பா, மைக் செட்டு உண்டா இல்லையா? அதை மட்டுஞ் சொல்லு."

"அதை அங்கிட்டுச் சொல்ல முடியாதுத்தா. உள்ள வா, சொல்றேன்."

உள்ள போனா. கேட்டா. சந்தோசத்துல மாப்பிள்ளைக்குச் சொல்ல ஓடுனவளைச் சங்கிலி எட்டிப் புடிச்சான். "நீயும் கேட்டுட்டியே தாயி!"

பொண்ணைக் காணோமேன்னு வந்த மாப்பிள்ளையும் உள்ள போனான். சோறு குடுக்க ஜன்னலைத் திறக்கறப்பெல்லாம் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டாய்ங்க. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு என்னைக் கேக்காதீங்க. பின் ஜன்னல்ல ஒரு ஓட்டையை அடைக்காம விட்டுட்டாய்ங்க. இதைப் போயி அவய்ங்ககிட்டச் சொல்லிராதீங்க, அப்புறம் என்னையும் உள்ள இழுத்துருவாய்ங்க.

முகூர்த்த நாளு ஆம்பிளிபயரும் குழாயும் உள்ள போச்சு. அதுக்கு ஒரு ஆலோசனை.

"மச்சான், பாட்டு வெளிய போகலாமா?"

"பாட்டுல பேச்சு இருக்கே மாப்ள."

"அப்ப பேச்சே இல்லாத நாயன இசைத்தட்டைப் போடுவோம்."

"நாயனம் கேட்டா, மைக் செட்டு சேந்துருச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிருமே! அதுவும் பேசுனதுதானே?"

கடைசியில குழாய் வாயில தலகாணியைத் திணிச்சு, சுவரைப் பாக்கத் திருப்பி வச்சுப் போட்டாய்ங்க. வக்கீலம்மாதான் அட்சதை போட்டாங்க. வெளிய பந்தல்ல உக்காந்திருந்த சனம், மைக் செட்டு இல்லாம கல்யாணம் நின்னு போச்சுன்னு அழுதுக்கிட்டே சாப்பிட்டுப் போச்சு.

கோர்ட்டுல இருந்து ஆளு வந்து வாசல்ல நின்னு கேட்டாரு: "சமரசம் ஆச்சா, இல்லையா?"

"சொல்ல முடியாது, உள்ள வாங்க!"

அவரு முப்பது வருசம் கோர்ட்டுல இருந்தவரு, உள்ள போவாரா? "பேச்சுவார்த்தை நல்லபடியா நடந்துக்கிட்டு இருக்கு"ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. மூணு மாசத்துக்கு ஒருதரம் வர்றாரு, அதையே எழுதிக்கிட்டுப் போறாரு. ஏழு வருசமாச்சு. அந்தக் கோர்ட்டுல இதுதான் சின்ன வயசுக் கேஸாம். ஜட்ஜய்யாவுக்கு ஒரே பெருமை.

பூங்கனிக்கு இப்ப ரெண்டு புள்ளைக. மூத்தவளுக்கு அஞ்சு வயசு. போன மாசம் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வந்து கதவைத் தட்டுச்சு. "புள்ளையை அனுப்புங்க, எழுத்துக் கத்துக்க வேணாமா?"

கொம்பையா பேத்தியை மடியில வச்சுக் காதுக்குள்ள கேட்டான். "ஏத்தா, நீ ஏதாச்சும் கேட்டியா?"

புள்ளை மூச்சு விடாம ஒப்பிச்சுச்சு: "பெட்டிக்கு ஒரு பக்கம் தாத்தா பேரு, மறுபக்கம் சங்கிலித் தாத்தா பேரு, விசேசத்துக்கு விசேசம் திருப்பி வைக்கணும்!"

கொம்பையா தலையில கை வச்சான். "முடியாது டீச்சர். இவளுக்கு முழுசும் தெரிஞ்சிருக்கு."

டீச்சரம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. அதுவும் அரைக்கிணத்துப்பட்டியில பொறந்ததுதானே. "அப்ப நானே உள்ள வந்து சொல்லிக் குடுத்துட்டு, அஞ்சு நிமிசத்துல போயிர்றேன்"னு சொல்லுச்சு.

செருப்பு இன்னும் வாசல்லதான் கிடக்கு.