மாசானம் பெயர் எழுதிய டப்பா

துவரங்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். வாழ்ந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களை உயிரோடு வைத்திருந்த பெருமை முழுக்க மூத்தவன் பெண்டாட்டி செண்பகவடிவைச் சேரும்.

மூத்தவன் பெயர் குற்றாலிங்கம். தான் ரொம்ப விவரமான ஆள் என்று அவனுக்கு ஓர் எண்ணம். இரண்டு தம்பிகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்ததில் வந்த எண்ணம் அது. நடுவுள்ளவன் மாசானம். முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கடைசி பூதப்பாண்டி. அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்ற பேச்சையே ஊரில் யாரும் எடுத்ததில்லை.

மாசானத்துக்கு அந்த வருஷம்தான் முதல்முறையாக ஓர் இடம் அமைந்து வந்தது. பெண்ணின் அப்பா சங்கரபாகம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகவும் அங்கேயே சாப்பிடுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். இதைக் கேட்ட நாளிலிருந்து மாசானம் தினமும் இரண்டு வேளை தலைக்குக் குளித்தான்.

புதன்கிழமை காலையில் செண்பகவடிவின் தங்கைக்கு வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. அவள் உடனே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ கண்முன்னால் நிற்கிறது. அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மூன்று அடுப்பிலும் பாத்திரம் ஏற்றினாள். அன்றாடச் சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பும் அவியலும், விருந்துக்கு முருங்கைக்காய் சாம்பாரும் பாசிப்பருப்புப் பாயசமும் செய்து முடித்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சோறு மட்டும் பூதப்பாண்டி வடித்துவிடுவான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை.

“ஆறினப்புறம் டப்பாவுல ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க. டப்பா மேல மறக்காம பேர் எழுதுங்க. எது வேணுமோ அதை முந்தின நாளே எடுத்து வெளிய வைங்க. அப்புறம் அடுப்புல சூடு பண்ணிக்கிடுங்க” என்றாள் செண்பகவடிவு. புருஷனை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். குற்றாலிங்கம் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். அதில் ஏமாந்து அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பதினொரு மணிக்கெல்லாம் குழம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. பூதப்பாண்டி டப்பாவை எடுத்தான். குற்றாலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உன் மைனி என்ன சொன்னா? ஆறினப்புறம்னுதானே? மணி என்ன இப்போ?”

“பதினொண்ணு.”

“அப்போ ஆறுக்கு இன்னும் ஏழு மணி நேரம் கிடக்கு.”

அது காலை ஆறா, சாயங்காலம் ஆறா என்று மாசானம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். அதை ஆராய்வதில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் சாயங்காலம் என்று முடிவானது. மூன்று பேரும் பாத்திரங்களைச் சுற்றி உட்கார்ந்து, பசியோடு ஈ விரட்டினார்கள். தொட்டுத் தின்ன ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. உள்ளே வைக்கச் சொன்னாளே தவிர, அன்றைக்குச் சாப்பிடச் சொல்லவில்லையே. ஆறு மணி ஆவதற்குள் அவியல் நுரைத்துப் புளித்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு, மிச்சத்தை டப்பாக்களில் ஊற்றினார்கள்.

பேர் எழுதுவதில் ஒரு சிக்கலும் வரவில்லை. அவரவர் பெயரை எழுதினார்கள். இரண்டு டப்பா மிஞ்சியபோது குற்றாலிங்கம் செத்துப்போன அப்பாவின் பெயரை இன்ஷியலோடு எழுதினான். அவர் பெயரைக் குழம்பு டப்பாவிலாவது காப்பாற்றுகிறோமே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் சாப்பாட்டுக்காக ஒரு டப்பாவை எடுத்து வெளியே வைத்தார்கள். வெளியே என்றால் வெளியேதான், தெருவில். காலையில் பார்த்தால் மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம் கிடந்தது. கழுவத் தேவையே இல்லாதபடி தெருநாய்கள் நக்கி வைத்திருந்தன. அடுத்த இரண்டு நாளும் அதே கதி. மூன்று பேரும் பொரிகடலையைத் தின்று தண்ணீரைக் குடித்தார்கள். செண்பகவடிவு போனில் சாப்பாடு எப்படிப் போகிறது என்று விசாரித்தபோது, எல்லாம் நீ சொன்னபடிதான் நடக்கிறது என்று குற்றாலிங்கம் பெருமையாகச் சொன்னான்.

விருந்துக்கென்று தனியாக ஒதுக்கியிருந்த இரண்டு டப்பாக்களையும் வெளியே வைக்க வேண்டிய சனிக்கிழமை ராத்திரி வந்தது. இந்தமுறை மூன்று பேரும் கம்போடு தெருவில் உட்கார்ந்து காவல் காத்தார்கள். வாசற்படிக்கு உள்ளே வைத்தாலும் அது உறைவிட்டு இளகும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏறியபோதுதான் உண்மையான கஷ்டம் வந்தது. ஒரு டப்பாவில் மாசானம் என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் அப்பா பெயர். இரண்டிலும் இருந்தது ஒரே மாதிரிப் பழுப்பாக, கெட்டியாக.

“ருசி பாத்திரலாமா?” என்றான் பூதப்பாண்டி.

“சம்பந்தி வாய் வைக்கிறதுக்கு முன்னாடி நீ வாய் வச்சு எச்சி பண்ணவா?” என்று குற்றாலிங்கம் கண்டித்தான். பிறகு நெடுநேரம் யோசித்தான். “மாசானம் கல்யாண மாப்பிள்ளை. கல்யாணம் இனிப்பான விஷயம். அதனால மாசானம்தான் பாயசம். அப்பா காரசாரமான மனுசன். அவருதான் சாம்பார்.”

அண்ணன் மூளையை எண்ணித் தம்பிகள் வியந்து போனார்கள்.

சங்கரபாகம் ஆறு உறவுக்காரர்களோடு வேனில் வந்து இறங்கினார். இலை போட்டுச் சோறு வைத்து, அதன் மேல் அப்பாவைத் தாராளமாக ஊற்றினார்கள். சங்கரபாகம் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வெல்லமும் ஏலக்காயும் மணந்தன. பெரிய மனிதர், முகம் சுளிக்காமல் விழுங்கினார். வாயை மாற்றிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் வைத்திருந்த பாயசத்தை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். தொண்டையில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு மாட்டிக்கொண்டது. அவருடைய அக்கா ஓடிவந்து முதுகில் நாலு அறை அறைந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

அவர் எழுந்து கையைக் கழுவினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “இந்த வீட்ல இனிமே நான் பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

மாசானம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். குற்றாலிங்கம் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். பச்சைத் தண்ணீர்தான் ஆகாது என்று சொல்லியிருக்கிறார், வெந்நீர் ஆகும், தொண்டைக்கும் அதுதான் இதம் என்று விளக்கினான். அவசரமாக ஒரு தவலை வெந்நீர் போட்டு, மூன்று பேரும் அதைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வேன் நின்றுகொண்டிருந்தது.

குற்றாலிங்கம் ஜன்னலோரம் போய், “பச்சத்தண்ணி இல்லீங்க. நல்லாக் கொதிச்ச வெந்நி” என்று பணிவாகச் சொன்னான்.

சங்கரபாகம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ரயில் போனது. கேட் திறந்தது. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

“ஏன் அண்ணே குடிக்காமப் போறாரு?” என்று மாசானம் அழாக்குறையாகக் கேட்டான்.

குற்றாலிங்கம் தவலையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். “எதுல குடிப்பாரு? நாம டம்ளர் கொண்டாரலையே” என்றான்.

தப்பு தங்கள் மேல்தான் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். டம்ளர் எடுக்கப் போவதற்கு இவ்வளவு கனத்தை எதற்குச் சுமக்க வேண்டும் என்று வெந்நீரை ஓரமாகக் கொட்டினார்கள். வீட்டுக்கு ஓடி, டம்ளர்களை நன்றாகத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு, வேன் போன திசையில் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். குற்றாலிங்கம் முன்னால் ஓடினான். வந்தவர்கள் ஏழு பேர், டம்ளரும் ஏழு. ஒன்றைக்கூட மறக்கவில்லை என்பதில் அவனுக்குப் பரம திருப்தி.